சங்குமுடிக்கு இரண்டு சம்பந்திகள்

காலை 4.50. கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் தெருவில் இன்னும் ஒரு பட்டறைகூடத் திறக்கவில்லை. இதே தெருவில் முப்பத்தொரு வருடங்களாக மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். லேத் ஓடாத, கிரைண்டர் அலறாத அந்த நேரத்தில் அது வேறு யாருடைய தெருவோ என்று தோன்றியது. தோள்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், தக்காளிச் சோறு, தைலப் புட்டி. கேட்டைத் திறக்கும்போது மனைவி தணிந்த குரலில் சொன்னாள்: "மலையை மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க. பேசிப்போட்டு வாங்க."

எதைப் பேச வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் கீர்த்தனாவைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கும் மாப்பிள்ளை பிரவீணுக்கும் பெங்களூரில் வேலை. ஆடி மாதம் "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவள், கார்த்திகை பிறந்தும் போகவில்லை. மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்க்கிறாள். சண்டையா என்று கேட்டால் இல்லை என்பாள். போன வாரம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, வருகிற புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அன்று மோர் ஊற்றிக்கொள்ள எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

பிரவீணின் அப்பா நாச்சிமுத்து, அதாவது என் சம்பந்தி, ஞாயிறு தவறாமல் போன் செய்வார். சௌக்கியமா என்பார், சௌக்கியம் என்பேன். அங்கே மழையா என்பேன், தூறல்தான் என்பார். அதற்கு மேல் இருவரும் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் 'ஞாயம்' என்றால் நீதியும் அதுதான், சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும் அதுதான். நாங்கள் இருவரும் இரண்டாவது ஞாயத்தில் கெட்டிக்காரர்கள்.

அவருடைய பாக்குத் தோட்டம் மேட்டுப்பாளையத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர். அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே சங்குமுடி தெரியும். கல்யாணத்தன்று "ஒரு நா ஏறிப் பாக்கோணுமுங்க" என்றார். "கண்டிப்பாங்க" என்று நானும் சொல்லிவைத்தேன். அத்தோடு மறந்துபோன அந்தப் பேச்சை இப்போது தோண்டியெடுத்தவள் என் மனைவி. "ரெண்டு பேருத்துக்கும் மூச்சு வாங்கினாத்தான் நெசம் வெளிய வரும்" என்றாள்.

5.30. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் டிக்கெட் முப்பது ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது. பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வந்து முகத்தைத் தொட்டுவிட்டுப் போயின. அரைத்தூக்கத்தில், சம்பந்தியிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைப் பல தினுசாக அமைத்துப் பார்த்தேன். எல்லாமே 'தப்பா நெனச்சுக்காதீங்க' என்றுதான் ஆரம்பித்தன. காரமடையில் கறிவேப்பிலைக் கட்டோடு ஏறிய ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் பஸ் முழுக்க அந்த வாசனை நிரம்பிவிட்டது.

"மலைக்குங்களா? மாலை போட்டிருக்கறீங்களா?" என்று என் பையைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்கம்மா. சும்மா ஒரு மலை ஏறிப் பாக்கலாம்னு."

"சும்மா யாருங்க மலையேறுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. வழக்கமாகக் காரமடை தாண்டியதும் ஜன்னல் நிறைய மலை வந்து நிற்கும். அன்று மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளுப்புதான் இருந்தது.

6.45. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குச் சம்பந்தி ஜீப்போடு வந்திருந்தார். அறுபத்தொரு வயது, ஒல்லியான உயரமான மனிதர். வேட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அன்று இதற்கென்றே வாங்கிய பேண்ட், கேன்வாஸ் ஷூ, தலையில் வெள்ளைத் தொப்பி. நானும் அந்தக் கோலம்தான். இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்ததால் டீக்கடையில் வெங்காய மூட்டை லாரிகளைப் பார்த்தபடியே டீ குடித்தோம். தோட்டத்து வீட்டில் அவர் மனைவி இட்லி வைத்தார். மூன்றாவது இட்லி வைக்கும்போது குனிந்தபடியே "அம்மணி நல்லா இருக்குதுங்களா?" என்று மருமகளை விசாரித்தார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

7.40. சங்குமுடி காப்புக்காட்டுக்குள் இருப்பதால் சம்பந்தி முன்கூட்டியே வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார். கூடவே ஒரு வாட்சர் வர வேண்டும், ஐந்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மாரன் என்ற வாட்சர் கொடுவாளோடு தோட்டத்து எல்லையில் காத்திருந்தார். பாக்கு மரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. யானை அகழியைப் பலகை மேல் கடந்தோம். அதற்கப்புறம் பாதை என்று ஒன்றும் இல்லை. எப்போதாவது நில அளவைக்காரர்கள் போவார்கள், அவர்கள் வெட்டிய வழியும் ஒரு மழைக்காலத்தில் மூடிப்போகும் என்றார் மாரன். உண்ணிச்செடிப் புதரை அவர் வெட்டிக்கொண்டே போக, நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம்.

8.50. ஒன்றரை கிலோமீட்டரில் பள்ளம் வந்தது. காட்டு ஓடையை நாங்கள் பள்ளம் என்றுதான் சொல்வோம். உருண்டைக் கற்களுக்கு நடுவில் முழங்கால் அளவு தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது மாரனுக்குப் போன் வந்தது. கீழே ஒரு வாழைத் தோட்டத்தில் யானைகள் நிற்கின்றன, உடனே வரச் சொல்கிறார்கள்.

"உங்குளுக்கு வழி தெரியுமுங்களா? தெரியாட்டி இங்கயே உக்காந்திருங்க. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்துல வந்தர்றேன்" என்றார் மாரன்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இந்த மலையடிவாரத்தில் இருப்பவர். "அதெல்லாம் சம்பந்தி பாத்துக்குவாருங்க" என்றேன்.

அதே மூச்சில் அவரும் "அதான் சம்பந்தி இருக்கறாருங்கல்ல" என்றார்.

அவர் தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வழி தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று மாரனுக்கு நிம்மதி. "பள்ளத்த ஒட்டியே போயி, பீச்சாங்கைப் பக்கம் வர்ற பாறைச் சரிவுல ஏறுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

9.15 முதல் 12 வரை. இந்த மூன்று மணி நேரத்தைத்தான் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நடந்ததா, கனவில் கண்டதா என்று இப்போதும் குழப்பமாக இருக்கிறது. மூடுபனி எங்களோடு கூடவே ஏறியது. ஆளுயரப் புல்லுக்குள் நுழைந்ததும் சம்பந்தியின் வெள்ளைத் தொப்பி மட்டும் மிதந்துகொண்டு போனது. சில சமயம் அதுவும் மறைந்துவிடும். நான் நின்று காத்திருப்பேன். அப்புறம் எதிர்பார்க்காத பக்கத்தில் தொப்பி முளைக்கும். எங்கோ ஒரு குருவி, விசிலடிக்கப் பழகுகிறவரைப் போல, ஒரே பாட்டை ஆரம்பித்து ஆரம்பித்து விட்டுக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடத்துப் பட்டறை இரைச்சல் என் காதுக்குள் எப்போதும் இருக்கும், தூங்கும்போதுகூட. பத்து மணி வாக்கில் அது நின்றுவிட்டது என்பதைத் திடுக்கிட்டுக் கவனித்தேன். மோட்டார் நின்றால் எனக்குப் பயம் வரும். அங்கே வரவில்லை. கால் வலித்தது, மூச்சு முட்டியது, சட்டை ஈரமாக முதுகில் ஒட்டியது, இருந்தும் இப்படியே நடந்துகொண்டிருக்கலாம் என்று இருந்தது. வக்கீல், புதன்கிழமை எல்லாம் வேறு யாரோ சொன்ன கதை என்று பட்டது.

எங்கள் நடை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாறைச் சரிவு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. மூச்சு வாங்க நான் நின்றேன். "இப்பிடிப் போலாமுங்களா?" என்று சம்பந்தி வலது பக்கம் கை காட்டினார். "போலாமுங்க" என்றேன். அடுத்த பிரிவில் "நீங்க முன்னால போங்க" என்றார். நான் முகம் துடைக்க இடது பக்கம் திரும்பினேன். "ஆமாங்க, அதாஞ் செரி" என்று அவர் இடது பக்கம் நடந்தார். இந்த மரியாதையில் ஒரு ஆயிரம் அடி உயரம் ஏறிவிட்டோம்.

12.20. சரிவு குறுகிக்கொண்டே போய், எதிரே செங்குத்துப் பாறை. வலப்பக்கம் பனி, அதற்குக் கீழே எவ்வளவு ஆழமோ தெரியாது. தரையில் யானைச் சாணம் கிடந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வழியில் பார்த்த சாணமெல்லாம் காய்ந்தது, இது அப்படியில்லை. என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. இருவரும் மெதுவாக ஒரு பாறைக் கல்லின் பின்னால் போய் உட்கார்ந்தோம்.

"இனி எப்பிடிங்க சம்பந்தி?" என்று கிசுகிசுத்தார் அவர்.

"நீங்கதான் சொல்லோணுமுங்க."

"நானுங்களா? நான் இந்த மலைல ஏறுனதே இல்லீங்களே."

"பொறந்ததுலருந்து இங்கதானுங்களே இருக்கறீங்க?" என்றேன்.

"தெனமும் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். ஏறுனதில்லீங்க. நீங்க வருசா வருசம் வெள்ளிங்கிரி போறவரு. இந்தப் பக்கத்து மலையெல்லாம் எனக்கு அத்துப்படின்னு கல்யாணத்தன்னிக்குச் சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். பெண்ணைக் கொடுக்கும் நாளில் மனிதன் என்னதான் சொல்ல மாட்டான்.

"மூணு மணி நேரமா உங்களப் பாத்துத்தானுங்க நான் நடந்தேன்" என்றார்.

"நானும் உங்களப் பாத்துத்தானுங்க."

யானை பக்கத்தில் இருக்கிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். முதலில் நிறுத்தியவர் அவர்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "எம் பையனும் இப்பிடியே ஏமாந்துதான் வந்தானுங்க சம்பந்தி" என்றார்.

"எங்கிருந்துங்க?"

"உங்க ஊட்டுலருந்துங்க. ஆடி முடிஞ்சு வந்தானே, அன்னிக்கு. அதுக்கு முன்னால ரெண்டு பேருத்துக்கும் சின்னச் சடவு. அதச் செரி பண்ணிக் கூட்டிட்டுப் போறதுக்குத்தானுங்க வந்தான். அன்னிக்கிப் பொழுதோட பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போட்டு வெச்சிருந்தான். ஒத்தையா வந்து எங்கிட்ட, மாமாவுக்கு அனுப்ப இஷ்டமில்லீங்கப்பா, அவளும் வெளிய வரவேயில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளை காபி குடித்தார், பட்டறையைப் பற்றி விசாரித்தார், பிறகு "அப்ப கெளம்பட்டுங்களா மாமா" என்றார். நான் சொன்னேன்: "என்னங்க மாப்பிள்ளை அவசரம். கீர்த்தனா இன்னும் ஒரு பத்து நாள் இருந்துட்டு வரட்டுமுங்க." மகளைக் கேட்ட உடனே அனுப்பினால் பாரம் கழிந்தது என்று அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். அதனால் நாங்கள் இருக்கட்டும் என்போம். மாப்பிள்ளை இல்லீங்க மாமா, வேலை கிடக்கிறது என்பார். இன்னும் இரண்டு நாள் என்போம். அதற்கும் இல்லை என்பார். மூன்றாவது தடவை சரியென்று பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்புவோம். என் மாமனார் என்னிடம் அப்படித்தான் செய்தார், நானும் மூன்று முறை மறுத்துப் பேசித்தான் என் மனைவியைக் கூட்டிவந்தேன். பிரவீண் மறுத்துப் பேசவில்லை. ஏற்கெனவே மனத்தாங்கலில் வந்த பையன், "செரிங்க மாமா" என்று சொல்லி எழுந்துகொண்டார். என்ன அடக்கமான மாப்பிள்ளை என்று நான் நினைத்தேன்.

சம்பந்திக்குத் தெரியாத இன்னொன்று எனக்குத் தெரியும். அன்று காலை சட்டை எடுக்க உள்ளே போனபோது, கதவுக்குப் பின்னால் கீர்த்தனாவின் பை ஜிப் போட்டுத் தயாராக நின்றது. தலைக்குக் குளித்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். துணியை ஒழுங்குபடுத்துகிறாள் என்று நினைத்து வந்துவிட்டேன். சாயங்காலம் அதே பையைப் பிரித்து ஒவ்வொன்றாக பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தேன். கேட்கவில்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்து இதையெல்லாம் சம்பந்தியிடம் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. யானையைவிட அந்தப் பையை நினைத்துத்தான் நடுங்கினேன்.

"தப்பு எம் மேலதானுங்க" என்றேன்.

"இல்லீங்க, அப்பிடியெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ஆமாங்க. உங்க மேலதானுங்க. எம் மேலயும் இருக்குது. டிக்கெட் சங்கதி எனக்கு அன்னிக்கே தெரியும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கோணும். கேட்டா சண்டைக்கு நிக்கற மாதிரி ஆயிருமேன்னு உட்டுப்போட்டன்."

என் மேல் தப்பு என்று அந்தக் குடும்பத்தில் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னதும் எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. இரண்டு வருடமாக மரியாதை மட்டும்தான் இருந்தது.

1.05. மேலேயிருந்து ஒரு சீழ்க்கை. மாரன், எங்களைக் காணாமல் முகடு வழியாக ஏறி வந்து தேடிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "அங்க எதுக்குங்க போனீங்க? அது ஆனைங்க எறங்கற தடமுங்க" என்றார். கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உக்கார வெச்சுட்டுப் போயிருப்பனுங்க" என்றார். நியாயமான கோபம்தான். இருவரும் பள்ளிப் பிள்ளைகளாகத் தலையைக் குனிந்துகொண்டோம்.

2.10. சங்குமுடி. உயரம் 4,380 அடி என்றார் மாரன். அவ்வளவு ஏறி வந்த இடத்தில் இருந்தது நாலு பேர் கால் நீட்டிப் படுக்கக்கூடிய ஒரு பாறையும், மூலையில் பாசி பிடித்த ஒரு அளவைக் கல்லும்தான். பனி ஒரு பக்கம் விலகும், இன்னொரு பக்கம் மூடும். ஒரு தடவை விலகியபோது பவானிசாகர் தண்ணீர் தகடாகத் தெரிந்தது. இன்னொரு தடவை சம்பந்தியின் பாக்குத் தோப்பு, கைக்குட்டை அளவுக்கு. கோயம்புத்தூர் இருக்க வேண்டிய திசையில் மண் நிறத்தில் ஒரு புகைமூட்டம் மட்டும். அதற்குள்தான் கணபதி, எங்கள் தெரு, மாடி அறையில் என் பெண். தக்காளிச் சோற்றை மூன்றாகப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். படுத்தேன், உடனே தூங்கிவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். எழுந்தபோது முகமெல்லாம் ஈரம், எந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு எத்தனை வயது என்பது கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் மிகவும் சுகமாக இருந்தது.

சம்பந்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "டவர் கெடைக்குதுங்க. இப்பவே ரெண்டு பேருத்துக்கும் பேசிரலாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் நேர்ல சொல்றேன். நீங்க நாளைக்குப் பையங்கிட்டப் பேசுங்க."

"செரி" என்றார். 'ங்க' சேர்க்க மறந்துபோனார்.

4.40. நிபந்தனைக்கு இருபது நிமிடம் முன்னால் அகழியைத் தாண்டினோம். போய் வர மொத்தம் பதின்மூன்று கிலோமீட்டர், அதில் நாங்களாகச் சேர்த்துக்கொண்டது இரண்டு. இறக்கத்தில் முழங்கால் போடும் கூச்சலுக்குத் தைலம் போதாது. போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வழி தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

இரவு 7.30. வீட்டில் கீர்த்தனா சமையலறை மேடையருகே நின்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன். பஸ்ஸில் தயாரித்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"அன்னிக்கு மாப்பிள்ளை ரெண்டு டிக்கெட் போட்டுட்டு வந்திருக்கறாரு கண்ணு. உன்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு."

அவள் கை நின்றது. "யாருங்கப்பா சொன்னது?"

"சம்பந்திதான். நான் இருக்கட்டும்னு சொன்னது சும்மா மரியாதைக்குச் சொன்னது."

"அது எனக்குத் தெரியுமுங்கப்பா. உங்களத் தெரியாதா எனக்கு" என்றாள். உரித்த பூண்டை மேடையில் வைத்தாள். "அவரு செரிங்கன்னு சொன்னதும் மரியாதைக்குத்தான்னு எனக்குத் தோணவேயில்லையேங்கப்பா."

அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

மறுநாள் காலை 6.15. பெங்களூர் பஸ். அங்கே போய் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. "வக்கீலப் பாக்கறதா வேண்டாமான்னு நாங்களே பேசிக்கறோமுங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். ஒற்றைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் படியில் ஒரு காலை வைத்து, "வாரேனுங்கப்பா" என்றாள். இதற்கு நாங்கள் 'போயிட்டு வா' என்போம். கடைக்குப் பால் வாங்கப் போகிறவரைக்கூட வெறுமனே 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை, அது அபசகுனம். மரியாதைக்குச் சொல்கிற அந்த 'வா' எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"போ கண்ணு" என்றேன்.

என் மனைவி அதிர்ந்துபோய் என் முழங்கையைக் கிள்ளினாள். கீர்த்தனா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு படியேறி உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.